சுறா இல்ல தங்கச்சி, அந்த ஃபோர்ம் தான் பிரச்சினை

கேள்வி: என்ட மகளுக்கு 17 வயசு. பாசிக்குடாவில ஓப்பன் வாட்டர் எண்ட முதல் டைவிங் கோர்ஸ் முடிச்சவள். லண்டன்ல இருக்கிற தங்கச்சிட மகளோட சேர்ந்து மாலைதீவுக்கு, இளம் ஆக்களுக்கான டைவிங் ட்ரிப் ஒண்டு போகணும் எண்டு நிக்கிறாள். ஒரு கிழமை போட்லயே படுத்து எழும்பணுமாம். இவருக்கு விருப்பமில்ல, சுறா கிறா எண்டு பயம். சின்னதுல அவளுக்கு வீசிங் இருந்தது, இப்ப இல்ல. டைவிங்குக்கு முதல் வருத்தம் ஏதும் இருக்கா எண்டு கேக்கிற ஃபோர்ம்ல எழுதினா விடமாட்டாங்க எண்டு "இல்ல" எண்டு போடப் போறாளாம். அனுப்பலாமா? - கல்லடி வாசகி

பதில்: தங்கச்சி, சுறாவைப் பத்தி உங்கட அவருக்குச் சொல்லுங்க, ஆக்கள் காசு குடுத்து மாலைதீவுக்குப் போறதே அதைப் பாக்கத்தான். நீங்க போற போக்குல கடைசியா எழுதினீங்களே வீசிங் எண்டு, எனக்கு அது தான் பயம்.

ஏன் எண்டு சொல்றன். 10 மீற்றர் ஆழத்துல அமுக்கம் மேல இருக்கிறதை விட ரெண்டு மடங்கு, அங்க நெஞ்சு நிறைய இழுத்த காத்து மேல வரக்குள்ள ரெண்டு மடங்கா விரியும், அதனால தான் மூச்சை அடக்காத எண்டு முதல் நாளே படிப்பிக்கிறாங்க. ஆனா வீசிங் உள்ள ஆளுக்கு உள்ளுக்க சின்னக் குழாய் ஒண்டு இறுகிட்டா, அதுக்குப் பின்னால காத்து மாட்டிக்கொள்ளும், புள்ள ஒழுங்கா மூச்சு விட்டுக்கொண்டு வந்தாலும் அந்தக் காத்து வெளியில வராம விரிஞ்சு நுரையீரலைக் கிழிக்கும், ரத்தத்துல கலந்தா மூளை வரைக்கும் போகும். சின்னதுல வந்து நிண்டு போன எல்லாருக்கும் இப்படி வரும் எண்டு இல்ல. அந்த ஃபோர்ம்ல "ஓம்" எண்டு போட்டா, டொக்டரைப் பாத்துட்டு வா எண்டு தான் சொல்லுவாங்க. மட்டக்களப்புல நல்ல நெஞ்சு டொக்டர் ஒருத்தரிட்ட கூட்டிப் போங்க, ஊதிப் பாக்கிற டெஸ்ட் எல்லாம் செஞ்சு, சரி எண்டா அவர் கையெழுத்துப் போடுவார், நிறையப் பேர் அப்பிடித்தான் சுழியோடுறாங்க. பாசிக்குடாவில ஃபோர்ம்ல என்ன எழுதினவள் எண்டும் ஒருக்கா கேளுங்க (எனக்குப் பதில் தெரியும் போல இருக்கு).

போட் சீவியத்துலயும் இதே விசயம் தான் வரும். விடிய எழுப்புவாங்க, பிரீஃபிங், டைவ், மறுகா சாப்பாடு, திரும்ப டைவ், பகல் கொஞ்சம் நித்திரை, பின்னேரம் இன்னொண்டு, சில நாள் ராவிலயும் இறங்குவாங்க. நல்ல தண்ணி அளவாத்தான், குளிக்கிறது ரெண்டு நிமிசம். ஈர உடுப்போட உள்ளுக்க வரேலாது, கூட இருக்கிற புள்ள குறட்டை விட்டா சகிக்கணும். இதெல்லாம் பழகிடும், முதல் நாள் சத்தி எடுத்தாலும் நடுப் போட்டுல நிண்டு தூரத்துல கடலும் வானமும் சேருற இடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா குறையும். மூணாம் நாள் தடிமன் பிடிச்சா என்ன செய்வாள், அதைத்தான் நான் யோசிக்கிறன். தடிமனோட இறங்கினா காது திறக்காது, வலிக்க வலிக்க இறங்கினா செவிப்பறை கிழியலாம். கூட இருக்கிற எல்லாரும் குதிக்கக்குள்ள, அவ்வளவு காசும் கட்டியிருக்கக்குள்ள, "நான் இண்டைக்கு இறங்கல்ல" எண்டு சொல்ல 17 வயசுப் புள்ளைக்குச் சரியான கஷ்டம். வீசிங்கை மறைக்கிறவள் தடிமனைச் சொல்லுவாளா? அவளை நம்பித்தான் இன்னொரு புள்ள சோடியா இறங்குது, அதையும் அவளுக்குச் சொல்லுங்க.

போட் நடத்துறவங்களிட்ட ராவுல முழிச்சிருந்து காவல் இருக்கிறது யார், கெபின்ல இருந்து வெளியேற ரெண்டாவது வழி எங்க, கெமரா டோர்ச் பட்டரி எல்லாம் எங்க சார்ஜ் போடுறாங்க எண்டு கேளுங்க. 2019 செப்டம்பர்ல கலிபோர்னியாவில கொன்செப்ஷன் எண்ட டைவிங் போட் ராவோட ராவா எரிஞ்சு கீழ படுத்திருந்த 34 பேர் செத்தவங்க, காவலுக்கு ஒருத்தரும் சுத்தி வரல்ல. பொம்பிளப் புள்ளைகளுக்குக் கெபின் புறம்பா எண்டும் கேளுங்க, அதுக்கு வெக்கப்பட ஒண்டுமில்ல. மாத விலக்கு வந்தாலும் இறங்கலாம், சுறா மணம் பிடிச்சு வரும் எண்டு யாரும் சொன்னா சிரிச்சிட்டு விடுங்க.

டிக்கட்டையும் பாருங்க. நாளாந்தம் இறங்கிற ஆள் கடைசி டைவ் முடிஞ்சு 18 மணித்தியாலமாவது கழிச்சுத்தான் பிளேன் ஏறணும், இல்லாட்டி ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் சோடாப் போத்தல் திறந்த மாதிரி குமிழ் விடும். பின்னேரம் 4 மணிக்கு டைவ், அடுத்த நாள் காலமை 6 மணிக்குப் பிளேன் எண்டு ப்ரோக்ராம்ல இருந்தா அந்த ஆக்களோடயே அனுப்ப வேணாம். இன்சூரன்ஸ்ல டைவிங் சேருதா எண்டும் வாசிச்சுப் பாருங்க, சாதாரண ட்ரவல் இன்சூரன்ஸ் பலதுல சேராது.

டொக்டர் சரி எண்டா நான் அனுப்புவன். 18 ஆகல்லத்தானே, ஃபோர்ம்ல உங்கட கையெழுத்தும் வேணும். வீசிங் எண்ட இடத்துல "ஓம்" இருந்தா மட்டும் போடுங்க.