குழியோரம் நிற்பவருக்கு என்ன வேலை?

கேள்வி: சுரங்க ரயில் நிலையத்துக்குக் குழி தோண்டும் இடத்தைத் தினமும் கடந்து போகிறேன். பொக்லைன் பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவர் குழியையே பார்த்தபடி நிற்கிறார். தொல்லியல்காரராம். சும்மா நிற்பதற்கா சம்பளம்? ஏதாவது கிடைத்தால் ரயில் வேலை நின்றுவிடாதா?

பதில்: பதினோரு வருஷம் அப்படிச் 'சும்மா' நின்றவள்தான் நானும். "மேடம், இன்னைக்காவது புதையல் வருமா?" என்று பொக்லைன் ஓட்டுபவர் கேட்காத நாளில்லை.

நாங்கள் பார்ப்பது புதையலை அல்ல, மண்ணின் நிறத்தை. மஞ்சள் களிமண் நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக ஒரு கறுப்பு தெரியும். என்றோ யாரோ கம்பம் நட்ட குழி. கம்பம் மக்கிப்போய்க் கறைதான் மிச்சம். பொக்லைனின் பக்கெட் இன்னொரு முறை இறங்கினால் அதுவும் போச்சு. அதனால்தான் பல் வைத்த பக்கெட்டைக் கழற்றிவிட்டு, விளிம்பு மழுங்கலான அகலப் பக்கெட்டை மாட்டச் சொல்வோம். வேலை மெதுவாகும், முணுமுணுப்பார்கள். ஆனால் நாலைந்து வாரம் போனால், "மண்ணு மாறுது மேடம்" என்று அவர்களே நிறுத்துவார்கள். என் கண்ணைவிட அந்தக் கைகளைத்தான் நான் நம்பினேன்.

கையைத் தூக்கினால் இயந்திரம் நிற்கும். கரண்டியால் சுரண்டி, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஆழம் குறித்து, வரைந்துகொள்வோம். பல சமயம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலான நாட்களில் வருவது பழைய சாக்கடைக் குழாயும் செங்கல் கழிவும்தான். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

சுரங்கம் குடையும் இயந்திரம் பொதுவாக மனிதர் வாழ்ந்த அடுக்குகளுக்குக் கீழே போய்விடும். சேதமெல்லாம் நிலையக் குழியிலும், செங்குத்தாக இறக்கும் தண்டுக் குழியிலும், அதற்கு முன்பே குழாய்களையும் கேபிள்களையும் இடம் மாற்றும்போதும்தான். லண்டனில் கிராஸ்ரயில் என்ற சுரங்க ரயில் வேலையில் 2013-ல் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் தோண்டியது அப்படி ஒரு தண்டுக் குழிதான். 25 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பற்களில் 14-ஆம் நூற்றாண்டு பிளேக் கிருமியின் மரபணுத் தடயம் இருந்தது.

சரி, தாமதம்? ஆகும், மறைக்கவில்லை. இஸ்தான்புல் யெனிகாபியில் கடலடி ரயிலின் நிலையத்துக்காக 2004-ல் தோண்டத் தொடங்கினார்கள். பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) காலத் துறைமுகமே வெளிப்பட்டது. ஓடை கொண்டுவந்த வண்டல் காற்றுப் புகாமல் மூடியிருந்ததால் 37 கப்பல்களின் மரம் மக்காமல் இருந்தது. கடலடி ரயில் 2013-ல்தான் ஓடியது. அது அபூர்வம். எங்களை முன்கூட்டியே கூப்பிட்டுச் சோதனைக் குழி போட்டால், அதற்கான நாட்களை அட்டவணையிலேயே ஒதுக்கிவிடலாம்.

என்னை ஒருமுறை முக்கால் குழி லாரியில் போன பிறகு கூப்பிட்டார்கள். மிச்ச மூலையில் நான்கு நாள் நின்றேன். பக்கச் சுவரில் ஒரு பழைய கிணற்றின் பாதி வட்டம் தெரிந்தது. மறுபாதி எந்தப் பள்ளத்தை நிரப்பப் போனதோ!