கிளி இறந்ததென்று முதலில் சொன்னது யார்? – கேள்வி பதில்

கேள்வி: அரசனிடம் கசப்பான செய்தியைச் சொல்ல நாட்டுப்புறக் கதைகள் காட்டும் வழி என்ன?

பதில்: அக்பர்–பீர்பால் கதைகளில் வரும் கிளியைப் பாருங்கள். தம் செல்லக் கிளி இறந்ததென்று எவன் சொல்கிறானோ அவன் தலை போகும் என்பது அக்பரின் கட்டளை. ஒருநாள் கிளி இறந்துவிட, காவலாளி நடுங்கியபடி பீர்பாலிடம் ஓடுகிறான். அவரோ அரசரிடம் சென்று, கிளி அலகை மேலே தூக்கிக் கண்மூடிக் கிடக்கிறது, இரையைத் தொடவில்லை, சிறகை அசைக்கவில்லை, தவம் செய்கிறதோ என்னவோ என்கிறார். கூண்டருகே வந்த அக்பர், "இறந்துவிட்டது என்று சொல்லக் கூடாதா?" என்று சீறுகிறார். அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் அரசரே! கண்டதை அடுக்கிவிட்டு, முடிவை அரசன் வாயிலேயே வரவழைப்பதுதான் வித்தை. அலுவலகத்தில் மேலாளரிடம் முயன்று பார்க்காதீர்கள். பீர்பால் தப்புவார் என்பது கதைசொல்லிக்கு முன்பே தெரியும்.

கேள்வி: இது தெனாலிராமன் கதையல்லவா?

பதில்: கதைகள் ஆள் மாறும். அக்பர் 1556 முதல் 1605 வரையும், கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரையும் ஆண்டது வரலாறு, கிளி வரலாறல்ல.

கேள்வி: சங்கப் புலவர்கள் இப்படிப் பேசியதுண்டா?

பதில்: சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இட முற்பட்டபோது, புலவர் கோவூர்கிழார் அவனைக் கொடியவன் என்று சொல்லவில்லை. புறாவின் துயர் தீர்த்தவனின் வழிவந்தவன் நீ என்று நினைவூட்டி, யானையைக் கண்டு அழுகையை மறந்து மன்றத்தை மருண்டு பார்க்கும் அந்தச் சிறுவர்களைக் காட்டி, 'நீ வேட்டது செய்ம்மே' என்று முடிக்கிறார் (புறநானூறு 46). விரும்பியதைச் செய் என்றபின் கொல்வது எளிதா?

கேள்வி: ஔவையார் தொண்டைமானைப் புகழ்ந்தாரே, அது முகத்துதியன்றோ?

பதில்: இல்லை. குறுநில மன்னன் அதியமானின் தூதராக, அவன் எதிரியான தொண்டைமானிடம் சென்ற ஔவையார், உன் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் இருக்கின்றன, அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். போர் அறியாதவன் என்ற சொல் பாட்டில் இல்லை. கேட்டவனே கண்டுகொள்ள வேண்டும்.

கேள்வி: நெய் பூசிய வேல் வீரத்தின் அடையாளம்தானே? ஔவையார் உண்மையிலேயே பாராட்டியிருக்கலாம்.

பதில்: இரண்டாம் பாதியைப் படித்தீர்களா? அதியமானின் தூதராகச் சென்றவர், அவன் வேல் உடைந்ததைச் சொல்லி எதிரியைப் பாராட்டுவாரா?

கேள்வி: கத்தரிக்காய்க் கதை தெனாலிராமனுடையதா, பீர்பாலுடையதா?

பதில்: மேலே உள்ள இரண்டாம் பதிலைப் பார்க்கவும். கத்தரிக்காயை அரசன் புகழ்ந்தால் தானும் புகழ்ந்து, இகழ்ந்தால் இகழ்ந்த அந்த அமைச்சர் வெறும் ஆமாம்சாமி. கிளிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்த வேண்டாம்.