தேவாலயத் தரையில் சூரியன்: மெரிடியன் கோடு பற்றிக் கேட்டவையும் பதில்களும்

இத்தாலியில் போலோனியா நகரின் சான் பெத்ரோனியோ தேவாலயத்தில் 1655இல் வானியலாளர் காசினி அமைத்த மெரிடியன் கோடு (உச்சிப்பொழுதைக் காட்டும் தெற்கு வடக்குக் கோடு) பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள், அதனால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

கே: அங்கே அப்படி என்னதான் தெரியும்?

கூரையில் 27 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன ஓட்டை, தரையில் தெற்கு வடக்காக 67 மீட்டர் கோடு. ஓட்டை வழியாக விழும் வெளிச்சம் சூரியனின் பிம்பமேதான், அது கோட்டைத் தாண்டும் கணம் அந்த ஊரின் உச்சிப்பொழுது. ஜூனில் ஓர் அடி அகல வட்டமாக விழுவது டிசம்பரில் வடகோடிக்குப் போய் ஆள் நீளத்துக்கு இழுபட்டுக் கிடக்கும். அப்போது நொடிக்குக் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் நகர்கிறது, நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும்!

கே: தேவாலயத்தில் எதற்கு இது?

ஈஸ்டர் தேதியைக் கணிக்க வசந்த கால சமநாள், அதாவது பகலும் இரவும் சமமாகும் நாள், சரியாகத் தெரிந்தாக வேண்டும். பிம்பம் கோட்டில் எங்கே விழுகிறது என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். அப்புறம், அவ்வளவு உயரமும் இருட்டும் அசையாத தரையும் வேறெங்கே கிடைக்கும்?

கே: காசினி புதிதாக என்ன கண்டார்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வானில் நட்சத்திரங்களுக்கு இடையே சூரியன் ஜனவரியில் வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் நகர்வதாகத் தெரிகிறது, வித்தியாசம் சுமார் 7 சதவீதம். பழைய கணக்குப்படி சூரியனின் வேகம் மாறுவதே இல்லை, தூரம் மாறுவதால்தான் அப்படித் தெரிகிறது. அது சரியென்றால் பிம்பத்தின் அளவும் அதே 7 சதவீதம் மாற வேண்டும். வானியலாளர் கெப்ளர் சொன்னபடி வேகமும் நிஜமாகவே மாறுகிறது என்றால் பாதிதான் மாறும். காசினி தரையில் விழுந்த பிம்பத்தை, ஓட்டையின் அகலத்தையும் கணக்கில் கொண்டு, அளந்து பார்த்தார். பாதிதான் வந்தது.

கே: அப்படியானால் பூமிதான் சுற்றுகிறது என்று நிரூபித்துவிட்டாரா சார்?

இல்லை. எது எதைச் சுற்றினாலும் இந்த அளவு ஒன்றுதான். கெப்ளரின் பாதைக் கணக்கு மட்டும் உறுதியானது, அதுவே பெரிய விஷயம்.

கே: சென்னையில் என் வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் ஏப்ரல் 24 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 18 வரை உச்சிவெயில் நமக்கு வடக்கே இருக்கும், அதனால் தெற்கு ஜன்னலில் ஓட்டை போட்டால் அந்த மாதங்களில் ஒன்றும் விழாது, கூரையில்தான் வேண்டும். 3 மீட்டர் உயரக் கூரை என்றால் ஓட்டைக்கு நேர் கீழிருந்து தெற்கே அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலும், வடக்கே சுமார் இரண்டேகால் மீட்டரும் கோடு போதும். திசைக்குக் காம்பஸை மட்டும் நம்பாதீர்கள். மொட்டைமாடியில் ஒரு குச்சியை நட்டு அதைச் சுற்றி வட்டம் போடுங்கள், நிழல்நுனி காலையிலும் மாலையிலும் வட்டத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். ஓட்டை வழியாகச் சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள்.