பனியும் பஞ்சும்

அன்புள்ள ஐயாவுக்கு,

தேன்கனிக்கோட்டைக்கு அருகே ஒரு மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு பாடப்பொருள், ஒரு நற்பண்பு என்று எங்களுக்கு அட்டவணை தருவார்கள். டிசம்பர் மாதத்துக்கு வந்தவை குளிர்காலமும் கூடிச் செயல்படுதலும். உடன் வந்த பயிற்சித்தாளில் பனிமனிதனும் கையுறையும் பனிக்கட்டி வீடும் இருந்தன. அட்டையில் பஞ்சு ஒட்டிப் பனிமனிதன் செய்யவைத்தேன். ஒரு சிறுவன், "மிஸ், எங்க தோட்டத்துலயும் காலையில பனி இருக்குது, அதுல ஏன் பொம்மை செய்ய முடியல?" என்று கேட்டான். கூடிச் செயல்படுதலுக்கு எறும்பும் வெட்டுக்கிளியும் கதையைச் சொன்னேன். கதை முடிந்ததும் ஒரு சிறுமி, "அந்த எறும்பு ஏன் கொஞ்சங்கூடக் குடுக்கல?" என்றாள். இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இல்லை. வகுப்பிலோ கிரேயான் பெட்டிக்குத் தினமும் சண்டை நடக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் எப்படிக் கற்பிப்பது? எந்தக் கதையைச் சொல்வது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பிள்ளைகள் கேட்ட இரண்டு கேள்விகளும் பயிற்சித்தாளைத் தயாரித்தவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவை. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுவனின் குழப்பத்துக்குக் காரணம் நம்முடைய சொல். புல்நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனிதான், விடியற்காலையில் ஓசூர்ச் சாலையை மறைக்கும் மூட்டமும் பனிதான், இமயத்தில் விழுந்து குவியும் வெண்துகளும் பனிதான். தெலுங்கில் 'மஞ்சு' என்ற ஒரே சொல்லும் இவ்வாறே இத்தனைக்கும் வழங்குகிறது. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர் மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் வழங்கியபோது அவர்கள் கண்டது துளியாக இறங்கும் பனியைத்தான். பயிற்சித்தாள் காட்டும் பனி வேறு. அது வானத்திலேயே உறைந்து நுண்ணிய பனிக்கட்டிப் படிகங்களாக விழுவது. துளி கையில் ஒட்டாமல் வழிந்துவிடும், படிகம் அழுத்தினால் கட்டிப்படும். இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு காலையில் பிள்ளைகளை வேலியோரச் செடிகளிடம் அழைத்துச் சென்று உள்ளங்கையில் பனியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் ஓரங்களில் படிந்திருக்கும் வெள்ளையைச் சுரண்டிக் கொண்டுவந்து ஒரு பிடி அழுத்திப் பார்க்கச் செய்யுங்கள். நெல்லிக்காய் அளவில் ஒரு பொம்மை கிடைக்கும், அதுவும் ஐந்து நிமிடத்தில் உருகிவிடும். அந்த ஐந்து நிமிடத்தை அவர்கள் பஞ்சு ஒட்டிய ஒரு மணி நேரத்தைவிட நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

உங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். உங்கள் வகுப்பில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் குளிருக்கு வழங்கும் சொல் நம் காதில் 'சளி' என்றே விழும். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் பக்கத்துப் பள்ளியொன்றில் கதை சொல்லச் சென்றிருந்தபோது ஒரு குழந்தை "சளி, சளி" என்று நடுங்கிக்கொண்டு சொன்னது. நானோ மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டினேன். பக்கத்தில் இருந்த இன்னொரு குழந்தைதான் எனக்குப் பொருள் சொல்லி, தன் சால்வையின் ஒரு பாதியை அதன்மேல் போட்டது. அன்றைக்கு நான் கொண்டுபோயிருந்த கதையைவிட அந்தச் சால்வை எவ்வளவோ மேல்.

இனி அந்தச் சிறுமியின் கேள்வி. அவள் கேட்டது சரியானது. அந்தக் கதை கூடிச் செயல்படுதலைப் பற்றியதே இல்லை. சேர்த்து வைத்தவன் சேர்க்காதவனைத் திருப்பி அனுப்பும் கதை அது. (வெட்டுக்கிளிக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குளிர் மிகுந்த நாடுகளில் பெரும்பாலான வெட்டுக்கிளிகள் மண்ணுக்குள் முட்டையிட்டுவிட்டுக் குளிர் முற்றும் முன்பே இறந்துபோகின்றன. குளிர்காலத்தைக் கடப்பவை முட்டைகளே. சோம்பலுக்கு அங்கே இடமே கிடையாது.) அதைவிட முக்கியமான ஒன்று, அந்தக் கதையின் குளிர்காலம் பஞ்சகாலம் என்பது. எதுவும் விளையாத குளிர் மாதங்களுக்காகச் சேமிக்க வேண்டிய நாடுகளில் பிறந்த கதை அது. நம் பக்கத்தில் குளிர்காலம் அறுவடைக்காலம். ஐப்பசி முடிவிலிருந்து தை வரை தளியிலும் அஞ்செட்டியிலும் கெலமங்கலத்திலும் ராகி முற்றி, அறுக்கப்பட்டு, களத்துக்கு வந்து சேர்கிறது. பனி இறங்க இறங்க அவரையும் மொச்சையும் காய்க்கின்றன. பொங்கலும் இந்தக் குளிரில்தான் வருகிறது. நம் எறும்புகளுக்கும் கவலை மழையைப் பற்றியது. முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்று சொல்லும் பழமொழி நம்மிடம் உண்டு, குளிரைச் சொல்லும் எறும்புப் பழமொழி எதையும் நான் கேட்டதில்லை.

இந்த வேறுபாடு உங்கள் இரண்டாம் பாடத்தையும் மாற்றிவிடுகிறது. பொருள் குறைவாக உள்ள இடத்தில் நாம் பிள்ளைகளிடம் "பகிர்ந்துகொள்" என்கிறோம். அங்கே சண்டைதான் வரும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். வேலை பெரிதாக உள்ள இடத்தில் ஒருவருக்கொருவர் சேராமல் முடியாது. இன்று என் வயலில் நீ, நாளை உன் வயலில் நான் என்று ராகி அறுத்தவர்கள் யாரும் கூட்டுறவைப் பாடமாகப் படித்தவர்கள் இல்லை. கதிர் முற்றி நின்றது, ஒரு வீட்டின் கைகள் போதவில்லை, அவ்வளவுதான். ஆகவே கிரேயான் பெட்டியைச் சில நாள்களுக்கு மறந்துவிடுங்கள். 1932-ஆம் ஆண்டில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மழலையர் விளையாடும் விதத்தை உற்றுநோக்கி, தனியாக விளையாடுவது, ஒருவர் அருகில் ஒருவர் தத்தம் விளையாட்டை விளையாடுவது, கலந்து பழகுவது, ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து விளையாடுவது என்று பல படிகளை எடுத்துச் சொன்னார். எல்.கே.ஜி. பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் நிற்பவர்கள். அருகருகே உட்கார்ந்தும் சேராமல் இருப்பது அந்த வயதின் இயல்பு. அதைத் தன்னலம் என்று எண்ணிக் கண்டிக்க வேண்டியதில்லை. ஒரு கை போதாத வேலையை அவர்கள் நடுவில் வைப்பதே நாம் செய்யக்கூடியது.

அப்படிப்பட்ட வேலையைக் குளிரே நமக்குத் தருகிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். ஓசூரே கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், உங்கள் பக்கத்து மார்கழிக் காலைகளில் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் எண்ணெய் வெள்ளைக்கட்டியாக நிற்கும். தலைவாரும் நேரத்தில் அம்மா பாட்டிலை வெந்நீரில் நிறுத்துவதைப் பிள்ளைகள் அன்றாடம் பார்ப்பார்கள். ஒரு சிறிய பாட்டிலில் இரண்டு தேக்கரண்டி அளவு உறைந்த எண்ணெயை வைத்துக்கொண்டு, "வெந்நீர் இல்லை, அடுப்பு இல்லை, இதை இளக்க வேண்டும், என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை கையில் பொத்திப் பிடிக்கும். சிறிது நேரத்தில் அதன் கை குளிர்ந்துவிடும், எண்ணெயோ ஓரத்தில் மட்டும் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அப்போது அடுத்த பிள்ளையின் சூடான கைக்குப் பாட்டில் போக வேண்டும். வட்டமாக உட்காரவைத்து, ஒரு பாட்டின் இரண்டு அடி முடியும்வரை ஒருவர் கையில் என்று சுற்றிவரச் செய்யுங்கள். நான் பார்த்த வகுப்பில் மூன்றாவது சுற்றில் கட்டி முழுவதும் இளகியது. கடைசியாக யார் கையில் இளகியதோ அந்தப் பையன் "நான்தான் செஞ்சேன்" என்று குதித்தான். மற்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் மறுத்தார்கள். அந்த மறுப்பில் பாடம் நடந்துவிட்டது, ஆசிரியை வாய் திறக்கவில்லை. பிறகு அந்த எண்ணெயை எல்லோருடைய கைகளிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். பனியில் வெடித்த கைகள், தேய்த்துக்கொண்டார்கள்.

நிழலையும் இப்படிப் பயன்படுத்தலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் நண்பகலில்கூட வெயில் நமக்குச் சாய்வாகத்தான் விழும். ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தையின் நிழல் ஏறத்தாழ 70 செ.மீ. இருக்கும். தன் நிழலைத் தானே சாக்பீஸால் வரைய எந்தக் குழந்தையாலும் முடியாது, குனிந்த உடனே நிழலும் குனிந்துவிடும். ஒருவர் அசையாமல் நிற்க, இன்னொருவர் வரைய வேண்டும், பிறகு மாறிக்கொள்ள வேண்டும். நிழலின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டிப் பெயரெழுதி வைத்துக்கொண்டு, மார்ச் கடைசியில் அதே இடத்தில் அதே நேரத்தில் மறுபடியும் அளந்தால், நிழல் ஒரு சாணுக்குள் அடங்கியிருக்கும். குளிர்காலம் ஏன் வருகிறது என்று கேட்கும் வயதை எட்டும்போது அந்த இரண்டு நூல்களும் அவர்கள் நினைவில் இருந்தால் போதும்.

அட்டவணைப்படி பனிப்பிரதேசம் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும் என்றால், பனிமனிதனைவிடப் பேரரசப் பென்குவினைக் காட்டுங்கள். அண்டார்க்டிகாவின் கடுங்குளிரில் ஆண் பறவைகள் ஒரே ஒரு முட்டையைக் காலின்மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, இரண்டு மாதத்துக்கும் மேலாக உணவின்றி அடைகாக்கின்றன. ஆயிரக்கணக்கில் நெருங்கி நின்று, சிறு சிறு அடிகளாக நகர்ந்துகொண்டே இருப்பதால், ஓரத்தில் காற்றை வாங்கிய பறவை உள்ளே வரவும் உள்ளே சூடேறிய பறவை ஓரத்துக்குப் போகவும் நேர்கிறது. கால்பாதங்களின்மேல் ஒரு துணிப்பந்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் இதை விளையாடலாம். தள்ளுமுள்ளு வரும் என்பதால் எட்டுப் பேருக்குமேல் ஒரு குழுவில் வேண்டாம்.

கதைக்கு வருகிறேன். உக்ரைன் நாட்டு நாட்டார் கதை ஒன்றில் ஒரு கிழவர் பனிக்காட்டில் கையுறையைத் தவறவிட, எலி, தவளை, முயல், நரி, ஓநாய், பன்றி, கரடி என்று ஒவ்வொன்றாக வந்து "இடம் இருக்கிறதா?" என்று கேட்டு அதற்குள் நுழைகின்றன. திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்வியால்தான் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. கையுறையை அறியாத நம் பிள்ளைகளுக்கு நான் இதைக் கம்பளியாக மாற்றிச் சொல்வதுண்டு. ராகிக் காட்டில் இரவுக்காவலுக்குப் பரண்மேல் இருந்த தாத்தாவின் கறுப்புக் கம்பளி நழுவி வரப்பில் விழுகிறது. வயலெலி வருகிறது, பிறகு காடை, பிறகு முயல், கீரி, நரி. ஒவ்வொன்றும் "சளி, சளி! இடம் இருக்கா?" என்று கேட்க, உள்ளே இருப்பவை "ஒண்டிக்கோ, ஒண்டிக்கோ" என்கின்றன. வகுப்பில் உண்மையான ஒரு கம்பளியையே விரித்து, பிள்ளைகளை ஒவ்வொரு விலங்காக உள்ளே வரச் சொல்லுங்கள். நரி வந்ததும் கீரி பயப்படுமா என்று யாராவது கேட்பார்கள். அதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். ஒரு வகுப்பில் நரிக்கு வாலை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

யானையை இந்தக் கதைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ராகி முற்றும் இதே மாதங்களில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் உங்கள் காடுகளுக்கு வருகின்றன. பரண்மேல் தாத்தா விழித்திருப்பது அவற்றுக்காகத்தான் என்பதை உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளாவது அறிந்திருப்பார்கள். சில வீடுகள் அதில் விளைச்சலை இழந்திருக்கும், ஆளையே இழந்த வீடும் இருக்கக்கூடும். அந்தக் குழந்தையின் முன்னால் கம்பளிக்குள் ஒண்டும் சாதுவான யானையைக் காட்டுவது பொய்யாகிவிடும், கொடிய யானையைக் காட்டுவதும் அதே அளவுக்குப் பொய். பிள்ளைகளே யானையைப் பற்றிப் பேச்செடுத்தால், மூத்த பெண்யானை முன்னே நடக்க, குட்டிகளை நடுவில் விட்டு மற்றவை சூழ்ந்து வரும் என்பதைச் சொல்லலாம். அதற்குமேல் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

எந்தக் கதையையும் "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்டு முடிக்காதீர்கள். பயிற்சித்தாளில் அந்தக் கேள்விக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அங்கே கம்பளிப் படம் ஒன்றை வரையச் சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் விளையாட்டுக்குத் தடித்த கண்ணாடி பாட்டில் உதவாது, சூடு உள்ளே போக நேரமாகும். மருந்து வாங்கிய சிறிய பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாகக் கழுவி உலர்த்திப் பயன்படுத்துங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். முதல் பாடவேளையிலேயே செய்துவிடுவது நல்லது, பத்து மணி வெயில் வகுப்புக்குள் வந்துவிட்டால் எண்ணெய் பாதி இளகிவிடும். மாசி பாதிக்குமேல் உங்கள் பக்கத்திலும் அது உறைவது நின்றுவிடும் என்பதால் பொங்கல் விடுமுறைக்கு முன்பே ஒருமுறை செய்துபாருங்கள்.

அன்புடன்.