250 ரூபாயில் ஐந்து பேர் சாப்பிடலாம், ஆனால் உங்கள் தட்டையும் கணக்கில் சேருங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் செக்கிங் வேலை பார்க்கிறேன், சனிக்கிழமைதோறும் சம்பளம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அரசுப் பள்ளியில் நாலாவது படிக்கும் மகள், அங்கன்வாடிக்குப் போகும் நாலு வயது மகன், மாமியார் என்று மொத்தம் ஐந்து பேர். கேஸ் போக, சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்க முடியவில்லை. பால் 40, இட்லி மாவு பாக்கெட் 40, காய் 50, அரிசியும் மளிகையும் 60, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் 20, அவருக்கு டீ வடை 40, அவ்வளவுதான், முடிந்துவிடுகிறது. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்து வருவதால் அதைப் பொறுக்கி எறிவதே பெரிய வேலை. போன மாதம் எனக்கு ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. மாதுளை, ஆப்பிள் சாப்பிடச் சொல்கிறார்கள். அதற்கு எங்கே போவது? ராத்திரி எல்லோரும் சாப்பிட்டது போக எனக்கு ரசமும் சோறும்தான் மிஞ்சும்.

பதில்: சகோதரி, உங்கள் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், சரியாக 250 வருகிறது. இவ்வளவு துல்லியமாக எழுதுகிறவர் பணத்தை வீணடிக்கிறவர் இல்லை. அதனால் "சிக்கனமாக இருங்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டில் பணத்தைவிட, சோற்றோடு சேர வேண்டிய பயறும் முட்டையும் கீரையும்தான் அதிகம் குறைகிறது, அதிலும் உங்கள் தட்டில்தான் மிகவும் குறைகிறது. இந்த 250 ரூபாய்க்குள்ளேயே அதை மாற்ற முடியும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த "பிளாஸ்டிக் அரிசி". அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து பிசைந்து, அரிசி வடிவத்திலேயே பிழிந்தெடுத்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் ரேஷன் அரிசியில் கலந்திருக்கிறார்கள். செறிவூட்டப்பட்ட அரிசி என்பது இதுதான். தண்ணீரில் போட்டால் மிதக்கும், நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், அதனால்தான் பார்த்தவுடன் சந்தேகம் வருகிறது. ஹீமோகுளோபின் 9 இருக்கிற ஒருவர், தனக்கென்றே போட்ட இரும்புச்சத்தை முறத்தில் பொறுக்கி வெளியே கொட்டுகிறார் என்று படித்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. இனி பொறுக்காதீர்கள். ஐந்தாறு தண்ணீர் விட்டு அலசவும் வேண்டாம், இரண்டு தண்ணீர் போதும், முடிந்தவரை கஞ்சி வடிக்காமல் குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்துச் சமையுங்கள். வடித்துத்தான் பழக்கம் என்றால் அந்தக் கஞ்சியைக் கீழே ஊற்றாமல் உப்பு போட்டு ஆளுக்கு அரை டம்ளர் குடித்துவிடுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் கடையில் நான் சென்ற வாரம் வாங்கிய விலையை வைத்து, 10 ரூபாய் கொடுத்தால் எவ்வளவு புரதம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொள்ளு கிலோ 90 ரூபாய், பத்து ரூபாய்க்கு 110 கிராம் வருகிறது, அதில் புரதம் 24 கிராம். பச்சைப்பயறு கிலோ 120, அதே பத்து ரூபாய்க்கு 19 கிராம். முட்டை ஒன்று ஆறரை ரூபாய், பத்து ரூபாய்க்கு ஒன்றரை முட்டை, சுமார் 10 கிராம். பாலும் கோழிக்கறியும் எட்டு கிராம் பக்கம். சோயா உருண்டை இவை எல்லாவற்றையும் தாண்டி 30 கிராமுக்கு மேல் போகிறது. பிள்ளைகளுக்கு வாங்கும் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் ஒன்றரை கிராம் தேறினால் அதிகம். உங்கள் ஊர்க் கடையில் விலை ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் இந்த வரிசை மாறாது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். நீங்கள் 55 கிலோ என்று வைத்துக்கொண்டால் சுமார் 46 கிராம். ரசம் சோற்றில் இது வரவே வராது. அரிசியில் இருக்கும் புரதத்தில் லைசின் என்ற ஒன்று குறைவு, பருப்பில் அது தாராளம், பருப்பில் குறைவாக இருப்பது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் உடம்பு அதை முழுசாக எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதம் இதைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறது.

பணம் எங்கிருந்து வரும்? உங்கள் பட்டியலில் இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்கிறேன். ஒன்று, மாவு பாக்கெட். ஒரு கிலோ ரேஷன் புழுங்கல் அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு காணும், உளுந்துக்கும் கரண்டுக்கும் சேர்த்து 36 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாளைக்கு வரும். அதாவது 40 ரூபாய் செலவு 12 ஆகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து யார் அரைப்பது என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஊறப்போடுவதையும் கிரைண்டரில் தள்ளிவிடுவதையும் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், அவரால் முடியாவிட்டால் வாரம் இரண்டு நாள் வீட்டுக்காரர் செய்யட்டும். இரண்டாவது, பிள்ளைகளின் தின்பண்டம் 20 ரூபாய். ஆக நாளொன்றுக்கு 28ம் 20ம் 48 ரூபாய், வாரத்துக்கு 336.

அந்தப் பணத்தில் வாரம் அரைக் கிலோ கொள்ளு, அரைக் கிலோ பச்சைப்பயறு, அரைக் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை, மூன்றும் 155 ரூபாய்க்குள் வந்துவிடும். 15 முட்டை 100 ரூபாய். அரைக் கிலோ பச்சை வேர்க்கடலை 70. மொத்தம் 325. இதுதவிர ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் வருகிறது, அதை ஒரு மாதம்கூட விடாதீர்கள், இந்த மாதம் வரவில்லை என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள். வெளிக்கடையில் துவரம்பருப்பை நூறு நூறு கிராமாக வாங்குவதுதான் இருப்பதிலேயே நஷ்டமான வழி. உங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் என்பதால் நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு மாறுங்கள், 250ஐ 1750 ஆகப் பாருங்கள், சனிக்கிழமை இரவே பயறும் முட்டையும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

வீட்டுக்காரரின் டீயில் நான் கை வைக்கவில்லை. மூட்டை ஏற்றி இறக்குகிற மனிதருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் உட்காரும் நேரம். வடைக்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு டப்பா சுண்டல் கொண்டுபோனால் நல்லது, அதை நீங்கள் சொல்வதைவிடச் செய்து கையில் கொடுப்பது பலிக்கும்.

கொள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கொங்குப் பகுதிக்காரர்களே இப்போது அதைச் சளிக்கு மட்டும் வைத்துக்கொண்டு மறந்துவருகிறார்கள். ராத்திரி 200 கிராம் கொள்ளைக் கல் பார்த்துக் கழுவி ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூழ்கி மேலே இரண்டு விரல் நிற்கும் அளவுக்குப் புதுத் தண்ணீர் விட்டு ஐந்தாறு விசில். ஊறாத கொள்ளு கேஸைத்தான் தின்னும், ஊறினால் பாதி நேரத்தில் வெந்துவிடும். வெந்த தண்ணீரை வடித்து எடுத்து, புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் ரசம். பயறைத் தனியாகச் சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி, சீரகத்தோடு வதக்கி அம்மியிலோ மிக்ஸியிலோ கொரகொரவென்று ஆட்டினால் கொள்ளுப் பருப்பு, சூடான சோற்றில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் பிள்ளைகளும் மறுக்காமல் சாப்பிடுவார்கள். 18 ரூபாய்க் கொள்ளில் ஐந்து பேருக்குக் குழம்பும் ரசமும் ஆயிற்று. ஒருநாள் கொள்ளு, ஒருநாள் பச்சைப்பயறு கடைசல், ஒருநாள் கொண்டைக்கடலைக் குழம்பு, ஒருநாள் அரிசிம்பருப்பு என்று சுற்றிவாருங்கள். அரிசிம்பருப்புக்கு இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுங்கள், பருப்பைக் கண்ணில் காட்டினால் மட்டும் போதாது.

பால் ஒரு லிட்டர் வாங்குகிறீர்கள், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் டீயிலேயே தீர்க்காமல் பாதியை உறை ஊற்றித் தயிராக்கி மதியம் சோற்றோடு சேருங்கள். எண்ணெய், பாமாயிலும் கடலை எண்ணெயும் சேர்த்து ஐந்து பேருக்கு மாதம் மூன்று லிட்டருக்குள் நின்றால் நல்லது, பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். காய்க்கு ஞாயிறு காலை உழவர் சந்தைக்குப் போய்வாருங்கள், 1999ல் மதுரையில் தொடங்கியதிலிருந்து விவசாயி நேராகக் கொண்டுவந்து விற்கும் இடம் என்பதால் தெருக்கடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும், தினம் 50 ரூபாய் போகிற இடத்தில் 40 ஆகும். மிச்சமாகும் அந்தப் பத்துப் பத்து ரூபாய்தான் வாரக் கடைசியில் அரைக் கிலோ மத்தி மீனுக்கோ கால் கிலோ கோழி ஈரலுக்கோ ஆகும்.

இனி உங்கள் ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. நீங்கள் தனி ஆள் இல்லை, 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது இருந்தது. 9 என்கிற அளவைச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது, இதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பாருங்கள், இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கொடுப்பார்கள். மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமா, குடலில் பூச்சி இருக்கிறதா என்பதையும் கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம், அதைப் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

மாதுளைக்கும் ஆப்பிளுக்கும் ஏங்க வேண்டாம். 100 கிராம் மாதுளையில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை, சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பிவிட்டோம். அதே எடைக் கொள்ளில் ஆறு மில்லிகிராமுக்குக் குறையாது. கோழி ஈரலில் ஒன்பது பக்கம் இருக்கிறது, பயறில் உள்ளதைவிட அதிலிருந்து உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஆட்டுக்கறிக் கடையில் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் கிடைத்தால் இன்னும் நல்லது, பிரசவமானவர்களுக்கு அதைச் சுட்டுக் கொடுத்த பாட்டிமார்கள் சரியாகத்தான் செய்தார்கள். பயறு, கீரையில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேர வைட்டமின் சி வேண்டும், சாப்பிடும்போது அரை எலுமிச்சை பிழியுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய், கொய்யாத் துண்டு. சாப்பிட்டவுடன் டீ மட்டும் கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள், இல்லாவிட்டால் சாப்பிட்ட இரும்பு பெரும்பாலும் வீணாகப் போய்விடும். கம்பெனியில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு டீ வருமே, அந்த டீயைத்தான் சொல்கிறேன்.

முருங்கைக்கீரை பக்கத்தில் யார் வீட்டு மரத்திலாவது கேட்டு வாங்குங்கள். இரண்டு கைப்பிடி உருவி, வெங்காயத்தோடு வதக்கி, கடைசியில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் மூன்று பேருக்குப் பொரியல்.

முட்டை 15 என்று சொன்னேனே, அதை யாருக்கு என்பதுதான் முக்கியம். மகளுக்குப் பள்ளியில் வாரம் ஐந்து நாளும் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. காலை உணவும் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் உண்டு, அங்கே சாப்பிடட்டும், வீட்டில் ஊட்டி அனுப்பிவிட்டு அதை வேண்டாம் என்று சொல்ல வைக்காதீர்கள். மகனுக்கு அங்கன்வாடியில் வாரம் மூன்று முட்டையும் சத்துமாவும் கிடைக்கும், மாவை அவன் தொடவில்லை என்றால் ராகி மாவோடு கலந்து வெல்லம் போட்டுத் தோசையாக ஊற்றிக் கொடுங்கள். தின்பண்டத்துக்கு வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும், ஆனால் நாலு வயதுப் பையனுக்கு முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும், பொடித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள். ஆக, வார நாட்களில் வீட்டு முட்டை பிள்ளைகளுக்கு இல்லை. உங்களுக்குத் தினமும் ஒன்று, ஏழு. மிச்சம் எட்டு, மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் மூன்று மூன்று, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. உங்களுக்கு ஏழா என்று கை கூசும், தெரியும். மாத்திரையோடு சேர்த்து இது உங்களுக்கு வைத்தியம் என்று மாமியாரிடம் நேராகவே சொல்லுங்கள், ரிசல்ட் பேப்பரையும் காட்டுங்கள்.

இன்னொன்று செய்ய வேண்டும். பரிமாற ஆரம்பிக்கும் முன்பே உங்கள் பங்குப் பருப்பையும் பொரியலையும் ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துப் பார்க்கும் வேலை இனி வேண்டாம். சட்டியில் குறைந்தால் ஐந்து பேருக்கும் சேர்ந்து குறையட்டும், அப்போதுதான் மறுநாள் எவ்வளவு கூடப் போடுவது என்று வீட்டுக்கே தெரியும்.

மூன்று மாதம் மாத்திரையும் இந்தச் சாப்பாடும் தொடர்ந்த பிறகு மறுபடி ரத்தம் பரிசோதித்துவிட்டு எழுதுங்கள். இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கி வருகிற வழியிலேயே கொள்ளு வாங்கி, அன்று ராத்திரியே 200 கிராம் ஊறப்போட்டுவிடுங்கள்.