பாலத்தடியில் தொங்கும் வெள்ளை விழுது

கேள்வி: பெருமாள்மலைப் பக்கம் ஒரு பழைய பாலத்தின் அடியில் வெள்ளையாக விழுது தொங்குகிறது. சுண்ணாம்புக் குகைப் படங்களில் பார்த்த கல்விழுது மாதிரியே இருக்கிறது. அப்படியென்றால் குணா குகைக்குள்ளும் இருக்குமா?
– கொடைக்கானல் வாசகி

பதில்: இருக்காது. பழனிமலை சார்னோக்கைட் என்ற கடினமான பாறையால் ஆனது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுக்கள் மிகுந்த இந்தக் கல்லை மழைநீர் சுண்ணாம்புக்கல்லைப்போல் கரைத்துக் குடையாது. குணா குகை (1991-ல் வந்த படத்துக்கு முன் ‘டெவில்ஸ் கிச்சன்’) பாறை பிளந்து உண்டான சந்து. வாய் ஒடுங்கி, உள்ளே ஆழம் இறங்குவது அதனால்தான்.

சுண்ணாம்புக் குகையின் கதையே வேறு. மழைநீர் மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது அந்த வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு கால்சைட் என்ற தாதுவாகப் படிகிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது.

உங்கள் பாலத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். சிமென்ட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு நீரோடு கசிந்து வந்து, காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. அதனால் பல மடங்கு வேகம். பெரும்பாலும் உள்ளே குழலாக இருக்கும். சொட்டும் நீர் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) உள்ளது, கையில் படவிட வேண்டாம்.

கல்லைச் சோதிக்க: கத்தியால் சுரண்டிய தூளில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. முதலில் வெறும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அதிலும் குமிழ் வந்தால் அது தூளுக்குள் இருந்த காற்று. பழைய காரைத் துண்டும் நுரைக்கும், அதை மலைக்கல் என்று நம்பி ஏமாறுவதுதான் வழக்கம்.

கேள்வி: நிஜமான கல்விழுதை எங்கே பார்க்கலாம்?
– பண்ணைக்காடு வாசகர்

பதில்: நமக்குக் கிட்டத்தில் ஆந்திரத்தின் பேலம் குகை. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1884-ல் பதிவு செய்தது. நீளம் 3,229 மீட்டர். உள்ளே புழுக்கம் அதிகம்.

தூரம் பரவாயில்லை என்றால் மேகாலயம். சிரபுஞ்சி அருகே மாம்லு குகையில் எடுத்த ஒரு கல்முளையில் (சொட்டும் நீரால் தரையிலிருந்து மேலே வளரும் படிவு), 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்த தடம் அடுக்கடுக்காக இருந்தது. அதை அளவுகோலாக வைத்தே, நாம் வாழும் புவியியல் காலகட்டத்துக்கு 2018-ல் ‘மேகாலயன்’ என்று பெயரிட்டார்கள். எங்கே போனாலும் கல்விழுதைத் தடவாதீர்கள். தோலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் புதுப் படிவு சரியாக ஒட்டாது.