முள் ஏறினால் எஞ்சின் சூடா? – வாகனம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை எடுத்துக்கொண்ட ஐந்து கடிதங்களும் ஹீட் மீற்றர் பற்றியவை. நான்கு மலைநாட்டு வாகனங்கள், ஒன்று கடலில் நிற்கும் படகு.

கேள்வி: கொழும்பிலிருந்து உர மூட்டை ஏற்றிவரும் டீசல் லொறி. அவிசாவளை வரை முள் நடுவில்தான் நிற்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் கால் மணி நேரம் ஓடியதும் முக்கால் பங்குக்கு ஏறுகிறது. ஹற்றனில் ஓரங்கட்டி ஐடிலில் விட்டால் இறங்கிவிடுகிறது. கராஜில் சென்ஸர் பிழை என்றார்கள். மாற்றியும் அப்படியே இருக்கிறது. – லொறிச் சாரதி, மஸ்கெலியா

பழுதான சென்ஸருக்கு மேடு பள்ளம் தெரியாது. சுமையோடு ஏறும்போது முள்ளும் ஏறி, ஓய்வில் இறங்குகிறது என்றால் உங்கள் மீற்றர் உண்மையைத்தான் சொல்கிறது. சென்ஸருக்குக் கொடுத்த காசு வீண்.

உறுதிப்படுத்த ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் மூடியின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் நேரே பிடித்தால் கருவி மிகவும் குறைத்துக் காட்டும். அதை நம்பி "எஞ்சின் குளிர்தான்" என்று கிளம்பியவர்கள் உண்டு.

இனி முன்பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதல் சந்தேகம் ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச் மேல்தான். சமதரையில் ஓடும்போது வரும் காற்றே ரேடியேட்டருக்குப் போதும். இரண்டாம் கியரில் ஏறும்போது ஃபேன் இழுக்கும் காற்றுத்தான் கதி. ஓடிவந்த சூட்டோடு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுண்டுங்கள். இறுக்கமாகத் திரும்பி உடனே நிற்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று தானாகச் சுழன்றால் உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது. நடுக்குடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டியிருப்பதும் அதே கதைதான்.

அடுத்தது ரேடியேட்டரின் தகடுகள். சேறும் புல்விதையும் பூச்சியும் அடைத்திருந்தால், எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வேண்டாம், தகடு மடங்கிவிடும். பிறகு ஆளை வைத்து ரேஸ் பண்ணச் சொல்லி, கீழ் ஹோஸைக் கவனியுங்கள். அது சப்பையாகிப் போனால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்து உடைந்திருக்கும். தண்ணீர் பம்ப் உறிஞ்சும் இழுவையில் ஹோஸ் தன்னைத்தானே அடைத்துக்கொள்கிறது. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லுப்போல இறுகினால், சிலிண்டர் தலையின் அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் வழியாகப் புகை தண்ணீருக்குள் வருகிறது. அதற்கு ரேடியேட்டரைக் கழுவிப் பயனில்லை.

ரேடியேட்டர் மூடியை மறந்துவிடாதீர்கள். அதன்மேல் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும். அது அடைத்து வைக்கும் அழுத்தம். அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் கூடும். கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 மூடி நன்றாக அடைத்தால் நுவரெலியாவிலும் 115 பாகை வரை தாங்கும். மூடியின் றப்பர் வெடித்திருந்தால், கொழும்பில் ஒரு குறையும் காட்டாத அதே லொறி மேலே வந்து பொங்கும். மூடியின் விலை சென்ஸரைவிடக் குறைவு.

ஏறும்போது ஒரு கியர் குறைத்து, எஞ்சினை முக்கவிடாமல் ஓட்டுங்கள். சுற்று கூடினால் பம்பும் ஃபேனும் கூடச் சுற்றும். உச்சத்துக்கு ஏறிய முள் திடீரென்று விழுந்தால் மட்டும் நிம்மதிப்படாதீர்கள். தண்ணீர் வடிந்து சென்ஸர் வெறும் காற்றில் நிற்கலாம். உடனே நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது வானின் முள் கீழே போகிறது. பழுதா? – வான் உரிமையாளர், கந்தப்பளை

இல்லை. கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு டீசல் ஏறக்குறைய போவதே இல்லை, சூடு எங்கிருந்து வரும்? முள் நடுவுக்குச் சற்றுக் கீழே போகலாம். அடி மட்டத்துக்கே போய், கம்பளைச் சமதரையிலும் எழும்பாவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும். முள்ளைத் தூக்க வேண்டுமென்று நியூட்ரலில் மட்டும் இறங்காதீர்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துச் சோதித்தேன். பாதிதான் திறந்தது. கடையில் மாற்றித் தந்த இரண்டாவதும் பாதிதான். "கழற்றி எறியுங்கள், இந்தக் குளிருக்கு எதற்கு?" என்கிறார் மெக்கானிக். – நுவரெலியா வாசகர்

உங்கள் தெர்மோஸ்டாட்டில் 88 என்று பொறித்திருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். அது 88இல் திறக்கத் தொடங்கி, 100 பாகை அளவில்தான் முழுதாகத் திறக்கும். உங்கள் வீட்டுச் சட்டி 94ஐத் தாண்டாது. எவ்வளவு விறகு வைத்தாலும் தாண்டாது. பாதி திறந்ததே அது நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. இரண்டு தெர்மோஸ்டாட்டும் நல்லவைதான், கடைக்காரர் பாவம்.

இங்கே பார்க்க வேண்டியது திறக்கும் தொடக்கத்தைத்தான். வால்வின் இடுக்கில் நூல் ஒன்றைக் கவ்வவிட்டு, சட்டியின் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் வெப்பமானி இருக்கட்டும். மெல்லச் சூடாக்கிக் கிளறிக்கொண்டே வாருங்கள். வால்வு இளகி நூலிலிருந்து நழுவி விழும் கணத்தில் வெப்பமானி 86இலிருந்து 90க்குள் காட்டினால் சரி. ஆறவிட்டால் முற்றாக மூடவும் வேண்டும். பூட்டும்போது விளிம்பில் ஆடும் சிறிய ஊசி மேல்நோக்கி இருக்கட்டும். அதன் வழியாகத்தான் காற்று வெளியேறும்.

கழற்றி எறியும் யோசனை வேண்டவே வேண்டாம். குளிர் நாட்டில்தான் அது மிகவும் தேவை. சூடேறாத டீசல் எஞ்சின் டீசலை அதிகம் குடிக்கும், புகைக்கும், சிலிண்டர் தேயும். பல ஜப்பான் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுத்தான் பைபாஸ் துவாரத்தை மூடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும். காலையில் குளிர்ந்து கிடந்த வண்டி, பகல் ஏற்றத்தில் சூடாகும்.

கேள்வி: இரவில் ஹெட்லைட் போட்டதும் ஹீட் முள் ஏறுகிறது. டீசல் முள்ளும் கூடவே ஏறுகிறது. – தலவாக்கலை வாசகர்

டாங்கியில் டீசல் ஊறாது அல்லவா? இரண்டு முள்ளும் சேர்ந்து அசைந்தால் குற்றம் ஏர்த் வயரில். மூடுபனி ஈரத்தில் வயர் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மல்டிமீற்றரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் நெகட்டிவ்விலும், சிவப்பு முனையை மீற்றர் பலகையின் ஏர்த் போல்டிலும் பிடியுங்கள். எஞ்சின் ஓட, எல்லா லைட்டும் எரிய வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றி, மண்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசி இறுக்குங்கள். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள பட்டி வயரையும் அப்படியே பாருங்கள்.

சென்ஸர் வயரையும் சோதிக்கலாம். சூடேறும்போது ரெசிஸ்டன்ஸ் குறையும் வகைதான் பெரும்பாலும் இருப்பது. வயரைக் கழற்றினால் முள் அடிக்குப் போக வேண்டும். ஒரு கணம் எஞ்சினில் தொட்டால் உச்சிக்கு ஏற வேண்டும். ஏறியதும் கையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஊர் பண்டாரவளை, வேலை திருகோணமலையில் ஒரு பாய்மரப் படகில். நன்னீர் சுற்றும் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். மெதுவாகப் போனால் 80 பாகை, வேகம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் 95. மீற்றரையே நம்ப முடியவில்லை.

மீற்றரைப் பார்க்குமுன் படகின் பின்புறம் எட்டிப் பாருங்கள். நன்னீரை ஆறவைக்கும் கடல்நீர் புகையோடு பீறிட்டு வருகிறதா? குறைந்திருந்தால் கடல்நீர் உள்ளே வரும் அடிவால்வு, வடிகட்டி, பம்பு என்ற வரிசையில் போங்கள். வடிகட்டி மூடியின் றப்பர் வளையம் பிய்ந்திருந்தாலும் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். பம்பிலுள்ள றப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரில் ஓர் இதழ் குறைந்தாலும், அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் புதியதைப் பூட்டாதீர்கள். அது நன்னீரின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் அடைத்திருக்கும். தண்ணீர் தாராளமாக வந்தும் சூடேறினால், கரியும் உப்பும் பிடித்த புகைக்குழாய் முழங்கையையும், சிப்பி ஒட்டிய புரொப்பெல்லரையும் பாருங்கள்.

மீற்றர் சந்தேகம் தீர, சென்ஸரைக் கழற்றிக் கொதிநீரில் நிறுத்தி ஓம் அளக்கலாம். விடிஓ (VDO) என்ற ஜேர்மன் மீற்றர் வகையில் பரவலாக உள்ள 120 பாகைச் சென்ஸர் 80 பாகையில் ஏறக்குறைய 70 ஓமும், 100 பாகையில் 38 ஓமும் காட்டும். அமெரிக்க வகையின் அளவு வேறு. ஒன்றின் மீற்றருக்கு மற்றதன் சென்ஸர் பொருந்தாது. திருகோணமலையில் கொதிநீர் 100 பாகைதான். விடுமுறையில் சென்ஸரைப் பண்டாரவளைக்குக் கொண்டுவந்து சோதித்தால், கொதிநீர் 96 பாகையை ஒட்டித்தான் இருக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.